உறைக்குள் விடை இல்லாத போட்டி

1955 ஜூன் மாதம் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் பெயரிலேயே பரிசுத்தொகை இருந்தது: ‘அறுபத்து நாலாயிரம் டாலர் கேள்வி’. கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆயுதம் தாங்கிய காவலர்கள் உடன் நிற்க, வங்கி அதிகாரி ஒருவரே மேடைக்கு வந்தார். போட்டியாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று யோசித்தார். அடுத்த ஆண்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘இருபத்தொன்று’ என்ற போட்டி நிகழ்ச்சி வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சார்லஸ் வான் டோரன் அதில் வாரக்கணக்கில் வென்று 1,29,000 டாலர் சம்பாதித்தார். 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். கேள்விகளும் விடைகளும் அவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. அவரிடம் தோற்ற ஹெர்பர்ட் ஸ்டெம்பல், தெரிந்த விடையையே தவறாகச் சொல்லும்படி பணிக்கப்பட்டிருந்தார். 1960-இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, ஒளிபரப்புப் போட்டிகளில் இப்படி முன்னேற்பாடு செய்வதைக் குற்றமாக்கியது.

இந்த ஊழலைத் தனிமனிதர்களின் சறுக்கலாகச் சொல்வதுதான் வழக்கம். பேராசைப்பட்ட தயாரிப்பாளர், இணங்கிப்போன ஆசிரியர், விற்பனைக் கணக்குப் பார்த்த விளம்பரதாரர் என்று பழியைப் பங்கிட்டுவிடலாம். அதில் பிழையில்லை, ஆனால் அது போதாது. கேள்வி பதில் போட்டியின் கட்டுமானத்திலேயே ஒரு பலவீனம் உண்டு. அங்கே விடை, கேள்விக்கு முன்பே பிறந்துவிடுகிறது. போட்டி தொடங்கும்போது யாரோ ஒருவரின் கையில், ஓர் உறைக்குள் அது இருக்கிறது. பெட்டகமும் காவலரும் அந்த உறையைத் திருடரிடமிருந்துதான் காத்தார்கள்; உறையை எழுதியவரிடமிருந்து அதைக் காக்க யாராலும் முடியாது. இந்த ஊழலுக்குப் பிறகு பத்தாண்டுக்குள் பிரான்சில் தோன்றி, பின்னர் இங்கிலாந்தில் வேர்விட்ட சொல்லும் எண்ணுமான போட்டியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் தேநீர் வேளையில் பார்க்கும் சாதுவான நிகழ்ச்சி என்றே அதைப் பலரும் கருதுகிறார்கள். என் கணிப்பு வேறு. தொலைக்காட்சிப் போட்டி வரலாற்றில் உறையை ஒழித்த வடிவம் அதுதான். விடை முன்பே இல்லை. எல்லோர் கண்முன்னும், எல்லோருக்கும் பொதுவான துண்டுகளிலிருந்து அது உருவாக்கப்படுகிறது.

பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அர்மான் ஜம்மோ 1965-இல் ‘மிக நீளமான சொல்’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார். போட்டியாளர்கள் உயிரெழுத்து வேண்டுமா, மெய்யெழுத்து வேண்டுமா என்று மாறி மாறிக் கேட்பார்கள். குருட்டாம்போக்கில் ஓர் எழுத்து வரும். வந்த எழுத்துகளைக் கொண்டு, குறித்த நேரத்துக்குள் இருப்பதிலேயே நீளமான சொல்லைக் கட்ட வேண்டும். 1972-இல் இதனோடு கணக்கும் சேர்ந்து ‘எண்களும் எழுத்துகளும்’ என்ற பெயர் வந்தது. இந்தச் சேர்க்கை தற்செயலாக நிகழ்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சு மக்களில் பல தலைமுறையினருக்குத் தொடக்கப்பள்ளி என்றாலே இரண்டு நினைவுகள்: ஆசிரியர் வாசிக்க மாணவர் பிழையின்றி எழுதும் சொல்வதெழுதுதல், தாளும் பென்சிலும் இல்லாமல் போடும் மனக்கணக்கு. தொடக்கக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் இந்த இரண்டுக்கும் முக்கிய இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்களும் இந்த இரண்டிலும் தேறியிருந்தார்கள். கேள்வி பதில் போட்டியில் வரலாற்றுப் பேராசிரியருக்கு இருக்கும் முன்னுரிமை இங்கே இல்லை. அஞ்சல்காரர், செவிலி, பொறியாளர் ஆகிய மூவரும் ஒரே வகுப்பறையில் கற்ற ஒன்றைக் கொண்டு மோதுகிறார்கள். கைக்கணிப்பான் கடைகளுக்கு வந்து, மனக்கணக்கின் மதிப்புக் குறையத் தொடங்கிய அதே பத்தாண்டில்தான் தொலைக்காட்சி அதற்கு மேடை போட்டுக் கொடுத்தது.

எண் சுற்றின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்; என் வாதத்தின் பாரம் பெரும்பாலும் அதன் மேல்தான். மொத்தம் 24 அட்டைகள். 1 முதல் 10 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு, அவற்றோடு 25, 50, 75, 100 ஒவ்வொன்று. இவற்றிலிருந்து ஆறு அட்டைகள் எடுக்கப்படும். பிறகு ஒரு மூன்றிலக்க இலக்கு எண் திரையில் தோன்றும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கை மட்டும் கொண்டு, ஓர் அட்டையை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல், இடையில் எங்கும் பின்னம் வராமல் அந்த இலக்கை அடைய வேண்டும். 1997-இல் இங்கிலாந்து நிகழ்ச்சியில் நடந்த ஒரு சுற்று இன்றும் பேசப்படுகிறது. அட்டைகள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. போட்டியாளர் ஒருவர் 100-ஐயும் 6-ஐயும் கூட்டி 106 ஆக்கினார்; அதை மூன்றால் பெருக்கி 318; அதை 75-ஆல் பெருக்கி 23,850; அதில் 50 போக 23,800; அதை 25-ஆல் வகுத்தால் 952. அரை நிமிடத்தில் இந்தப் பாதை ஒருவருக்குத் தோன்றியது என்பது இப்போது தாளில் எழுதிப் பார்க்கும்போதும் வியப்பைத் தருகிறது. இதே எண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 100-உடன் 3-ஐக் கூட்டி, ஆறால் பெருக்கினால் 618; 75-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 927; மீந்த 25-ஐக் கூட்டினால் அதே 952.

இந்த ஒரு சுற்றில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, விடை ஒன்றாக இருந்தாலும் அதற்குப் போகும் வழி ஒன்றல்ல. ஆகவே ‘சரியான விடை’ என்று யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது, சரிபார்ப்பதோ எளிதாக இருக்கிறது. 23,800-ஐ 25-ஆல் வகுத்தால் 952 வருகிறதா என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஒரு நாட்டின் தலைநகரம் எது என்ற கேள்விக்கு விடை தெரியாதவர், வேறொருவர் சொன்ன விடை சரியா என்பதையும் தெரிந்துகொள்ள முடியாது. நடத்துபவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். எண் சுற்றில் தோற்றவருக்கும், முயலவே முயலாதவருக்கும் கூட வென்றவரைச் சோதிக்கும் அதிகாரம் இருக்கிறது. நம்பிக்கை நடத்துபவரின் கையிலிருந்து பார்ப்பவரின் கைக்கு மாறிவிட்டது.

பிரான்சிலிருந்து இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் மார்செல் ஸ்டெல்மன். பெல்ஜியத்தில் பிறந்து, லண்டனில் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர் அவர். லீட்ஸ் நகரின் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி அதை ஏற்றுக்கொண்டு, முதலில் தன் வட்டாரத்துக்குள் ஒளிபரப்பிப் பார்த்தது. 1982 நவம்பர் 2 அன்று மாலை 4.45 மணிக்குச் சேனல் 4 என்ற புதிய அலைவரிசை பிறந்தபோது, அதன் முதல் நிகழ்ச்சியாக வந்தது இந்தக் ‘கவுண்ட்டவுன்’. வான் டோரன் வாக்குமூலம் கொடுத்த அதே தேதி, 23 ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான் என்றாலும் குறித்து வைக்கத் தக்க தற்செயல். ரிச்சர்ட் வைட்லி அதைத் தொகுத்தார். 2005-இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த கரோல் வோர்டர்மன் கணக்கைப் பார்த்துக்கொண்டார். முதல் தொடரில் வாகை சூடிய ஜாய்ஸ் கான்ஸ்ஃபீல்டு குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவர். 1980-இல் பிரிட்டனின் ஸ்கிராபிள் சாம்பியனாகவும் இருந்தவர். புகழுக்காகவோ தோற்றத்துக்காகவோ பொறுக்கி எடுக்கப்பட்டவர் அல்லர். சொல்லோடு புழங்குவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்.

இங்கிலாந்து நிகழ்ச்சியின் சின்னச் சின்ன நடைமுறைகளைக் கூர்ந்து கவனித்தால், ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்துக்குப் பதிலாக இருப்பது தெரியும். முப்பது நொடி முடிந்ததும் இருவரும் தங்கள் சொல்லை உடனே சொல்வதில்லை. முதலில் அதன் எழுத்து எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கிறார்கள். எதிராளியின் சொல்லைக் கேட்டுவிட்டு அதற்கு ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லும் வழி இதனால் அடைபடுகிறது. இருவரிடமும் ஒரே சொல் இருந்தால் தாளைத் திருப்பி ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். எழுதி வைக்காதவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கணக்கு நடுவருக்கும் இலக்கு எண் எல்லோருக்கும் தெரியும் அதே கணத்தில்தான் தெரிகிறது. போட்டியாளர்கள் இருவரும் தவறினால் நடுவர் வழியைக் காட்ட முயல்வார். சில நாள் அவருக்கும் கிட்டாது. நடத்துபவருக்கே விடை தெரியாத போட்டி என்பது 1950-களின் நியூயார்க் அரங்கில் நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். பிரான்சில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. போட்டியாளராக வந்த பெர்த்ரான் ரெனார் 1975-இல் நடுவராகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இடத்தில் இருந்தார். ஆட்டத்தின் இரண்டு பக்கத்திலும் உட்காரத் தேவைப்பட்டது ஒரே திறமைதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நேர்மைக்குக் காரணம் வடிவம் அல்ல, பணம் இல்லாததுதான் என்று சொல்லலாம். உண்மையில் பரிசு மிகச் சிறியது. கவுண்ட்டவுனில் வென்றவர் வீட்டுக்குக் கொண்டுபோவது நிகழ்ச்சியின் முத்திரையிட்ட தேநீர்க் கெண்டி. தொடர் முழுவதையும் வென்றவருக்குப் பல ஆண்டுகள் கொடுத்தது 20 தொகுதி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. தேநீர்க் கெண்டிக்காக யார் மோசடி செய்யப் போகிறார்கள்? மேலும், அமெரிக்காவில் ரெவ்லான் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் ஜெரிட்டால் சத்து மருந்தும் நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தன. பிரான்சிலோ அன்று தொலைக்காட்சி அரசின் தனியுரிமை. இந்த வேறுபாடு பெரியது, மறுக்க முடியாதது. ஆனால் மறுப்பு முழுமையாக நிற்கவில்லை. சேனல் 4 விளம்பரப் பணத்தில் ஓடிய அலைவரிசை; விளம்பரதாரர் அங்கும் இருந்தார்கள். 1950-களின் அமெரிக்காவிலும் பணம் போட்டியாளரை மட்டும் கெடுக்கவில்லை. கெடுத்த கை தயாரிப்பாளருடையது. அவருக்கு வேண்டியிருந்தது நாடகம்: பார்வையாளர் விரும்பும் முகம் வெல்ல வேண்டும், சலிப்பூட்டும் முகம் விலக வேண்டும். அந்த ஆசை பரிசு சிறியதாக இருந்தாலும் இருக்கும். விடையைக் கொடுத்து ஒருவரை வெல்ல வைக்கும் கருவி கையில் இருக்கும்வரை அந்த ஆசைக்கு வழியும் இருக்கும். 2001-இல் இங்கிலாந்தின் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில், அரங்கிலிருந்த ஒருவர் இருமி விடையைச் சுட்டிக்காட்டினார் என்ற வழக்கு 2003-இல் மூவரின் தண்டனையில் முடிந்தது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விடையை ஓர் இருமலில் அடைக்கலாம். ஐந்து படிகள் கொண்ட கணக்கை எப்படி இருமுவது?

இன்னொரு மறுப்பை ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. கவுண்ட்டவுனின் கடைசிச் சுற்று, ஒன்பது எழுத்துச் சொல் ஒன்றைக் கலைத்துப் போட்டு, முதலில் மணியடித்துக் கண்டுபிடிப்பவருக்கு 10 புள்ளி தருகிறது. அந்தச் சொல்லை யாரோ முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். வெளியே தள்ளப்பட்ட உறை பின்வாசல் வழியே திரும்ப வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருவருக்கும் இடையே 10 அல்லது அதற்குக் குறைவான புள்ளியே வேறுபாடு இருக்கும் நாளில், ஆட்டத்தின் தலைவிதியே அந்த உறையில்தான் இருக்கிறது. இருந்தாலும் அங்கும் சரிபார்ப்பு பார்ப்பவரிடமே இருக்கிறது: விடை வெளிவந்த கணத்தில் எழுத்துகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துவிடலாம். மற்றச் சுற்றுகளில் தற்செயல் எவ்வளவு தூய்மையானது என்றும் கேட்கலாம். எழுத்து அட்டைகள் எல்லாம் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. மொழியில் அதிகம் வரும் எழுத்துக்கு அதிக அட்டைகள். 1930-களில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளின் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் பின்னாளில் ஸ்கிராபிள் என்று பெயர்பெற்ற ஆட்டத்துக்குக் கட்டைகளை வகுத்தார். இதுவும் அந்த மரபில் வந்த வழக்கம். இலக்கு எண்ணைத் தருவது ‘செசில்’ என்று செல்லப்பெயர் பெற்ற கணினி. அதை யாராவது திருகலாம்தான். ஆனால் திருகினாலும் அந்த எண் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு மட்டும் அதைச் சாதகமாக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி அகராதியைப் பற்றியது. எண் சுற்றில் நீதிபதி கணிதம். அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. எழுத்துச் சுற்றில் நீதிபதி ஒரு புத்தகம். அதைத் தொகுத்தவர்கள் மனிதர்கள். அப்படியானால் உறை ஒழியவில்லை, தடித்த அட்டை போட்டு மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? பிரான்சில் லாருஸ், ரொபேர் என்ற இரண்டு அகராதிகள், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஆஸ்திரேலியாவில் 2010-இல் எஸ்.பி.எஸ். தொடங்கிய வடிவத்துக்கு மக்குவாரி என்று ஒவ்வொரு நாடும் தன் நீதிபதியைப் பெயர் சொல்லி நியமித்தது. அந்த நீதிபதி கடையில் கிடைக்கிறார் என்பதுதான் என் பதில். ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் திறந்திருக்கும் சட்டப் புத்தகமும், ஆட்டத்துக்காகவே எழுதி மூடிய உறையும் ஒன்றாகாது. லீட்ஸ் அரங்கிலிருந்த அகராதியின் பிரதி, பார்ப்பவர் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம்; மறுநாள் நூலகத்தில் புரட்டித் தீர்ப்பைச் சோதிக்கலாம்.

ஆனால் அகராதி நீதிபதியானதும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. 2015-இல் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்திருந்தார். சொல்லுக்குப் பொருள் தெரியாமலே சொல்லாட்டத்தில் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தொலைக்காட்சிப் போட்டியிலும் இந்தப் பக்கச் சாய்வு உண்டு. பட்டியலோடு பழகியவர்களே மேலே வருகிறார்கள். இதற்கு எதிர்விசையாக இருந்தவர்கள் அகராதி மூலையில் உட்கார்ந்தவர்கள் என்று நான் நினைக்கிறேன். 1992 முதல் கவுண்ட்டவுனில் இருக்கும் அகராதியியலாளர் சூசி டென்ட், சொற்களின் பிறப்பையும் பயணத்தையும் சொல்லி, புள்ளியாகச் சுருங்கிப்போன சொல்லுக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார். தமிழ் படிப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: இந்த ஆட்டம் நம் மொழிக்கு இடம் பெயருமா? 247 எழுத்தையும் அட்டையாக்கினால் ஒன்பது அட்டையில் ஒரு சொல் தேறுவதே அரிது. உயிரும் மெய்யுமாகப் பிரித்து 30 அட்டையாக்கினால், இலக்கண ஆசிரியர் பிரித்துக் காட்டுவது போலப் பார்ப்பவரும் மனத்துக்குள் பிரித்துச் சேர்க்க வேண்டும். அது அழகான பயிற்சிதான். ஆனால் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி நீண்டுகொண்டே போகும் மொழியில் ‘மிக நீளமான சொல்’ எது என்று தீர்ப்பளிக்க அகராதியால் முடியாது. நீதிபதியே இல்லாமல் போய்விடுவார். பொது அகராதி ஒன்று எல்லை வகுத்துத் தரும் மொழியில்தான் உறை இல்லாத ஆட்டம் நடக்கும்.

எந்திரம் வந்துவிட்டதே என்ற கடைசி மறுப்பு எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஆறு எண்களின் எல்லாச் சேர்க்கைகளையும் கணினி கண் இமைக்கும் முன் அலசிவிடும். ஒன்பது எழுத்துக்குரிய எல்லாச் சொற்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும். வண்டி வந்த பிறகும் ஓட்டப்பந்தயம் நிற்கவில்லை. சொல்லப்போனால் எந்திரம் இந்தப் போட்டியின் நேர்மையைக் கூட்டியிருக்கிறது: இலக்கை அடைய வழியே இல்லாத சுற்று எது, நடுவர் கண்ணுக்கும் தப்பிய சொல் எது என்பதை இன்று எவரும் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

கடைசியில் பிரான்சில் இதை முடித்தது சந்தேகமும் அல்ல, எந்திரமும் அல்ல. பார்வையாளர் மூப்படைந்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. 2022-இல் தினசரி ஒளிபரப்பு வார இறுதிக்குச் சுருங்கியது. ரெனாரும், 1986 முதல் எழுத்துச் சுற்றுக்கு நடுவராக இருந்த அரியேல் புலேன்-பிராவும் விலகினார்கள். 2024-இல் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த மன்றங்கள் நிற்கவில்லை. பிரெஞ்சு ஊர்களின் பொதுக்கூடங்களில் உறுப்பினர்கள் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இன்றும் ஆடுகிறார்கள். இங்கிலாந்திலும் ரசிகர்கள் வாடகைக்கு எடுத்த அரங்குகளில் தங்களுக்குள் போட்டி நடத்துகிறார்கள். மூவர் மூவராக உட்கார்ந்து, ஒருவர் அட்டை எடுத்துப் போட, மற்ற இருவர் ஆட, அடுத்த சுற்றில் அட்டை போட்டவரே ஆட்டக்காரராக மாறிக்கொள்கிறார்.